ஆட்டின் முகத்தில் விழித்த நாள்

தாமரைக்குளத்தின் கரையில் ஒரு வெள்ளாடும் ஒரு பூனையும் இருந்தன. ஆட்டின் பெயர் கொம்பி. பூனையின் பெயர் மிளகு. இரண்டையும் வளர்த்தவள் மாடத்தி. விடியுமுன் குளத்தில் இறங்கித் தாமரை மொட்டுப் பறித்து, பூ வண்டிக்காரரிடம் கொடுப்பது அவள் பிழைப்பு.

மிளகு தினமும் பசி தாங்காமல் இருட்டோடு எழுந்து, மாடத்தியின் மூக்கை நக்கும். "ஏட்டி, தூங்க விடமாட்டியா!" என்று சிணுங்கிக்கொண்டே அவள் எழுந்து, அதன் தலையைத் தடவி, ஒரு கருவாட்டுத் துண்டு போடுவாள்.

"உன் முகத்துல முழிச்சா நல்லாத்தான் இருக்கு" என்பாள்.

வாசலில் கட்டிக் கிடந்த கொம்பிக்கு வயிறு பற்றி எரியும். "பால் கொடுக்கறது நான்! தடவல் மட்டும் அவளுக்கா? அப்படி என்ன கொம்பு முளைச்சிருக்கு அவளுக்கு? கொம்பு இருக்கறது எனக்கில்லையா!"

பொறாமையில் தழைகூடக் கசந்தது. ஒரே ஒரு நாளாவது மாடத்தி தன் முகத்தில் விழிக்கவேண்டும். அதற்குப் பூனை தூங்கவேண்டும்!

அன்று சாயங்காலம் கொம்பி குழைந்தது. "மிளகு, இங்கே வாடி! பசியோட ஏன் படுக்கறே? என் மடியில பால் முட்டிக்கிட்டு நிக்குது. வேணுமட்டும் குடி!"

"நிஜமாவா அக்கா? என்னைக் கண்டாலே முட்ட வருவியே!"

"அதையெல்லாம் மனசுல வச்சுக்காதே!"

மிளகு வயிறு புடைக்கக் குடித்தது. கூடைக்குள் சுருண்டு அசந்து தூங்கிவிட்டது.

கொம்பியும் தூங்கியது. ஆட்டுக்கு நேரம் எங்கே தெரியும்? முதுகில் வெயில் சுட்டபோதுதான் விழித்தது. அவசரமாகக் கயிற்றை மென்று அறுத்து, குடிசைக்குள் தலையை நீட்டி, "மே!" என்று கத்தியது.

மாடத்தி கண் திறந்தாள். எதிரே தாடியும் கொம்புமாக ஒரு முகம். அதன் பின்னால் பளீரென்று வெயில்!

அலறிக்கொண்டு குளத்துக்கு ஓடினாள். மொட்டெல்லாம் மலர்ந்து, வண்டு மொய்த்துக்கொண்டிருந்தது. பூ வண்டியும் போய்விட்டது. சரி, பாலாவது கறப்போம் என்று செம்போடு உட்கார்ந்தாள். செம்பின் அடிகூட மறையவில்லை.

"இன்னைக்கு யார் மூஞ்சில முழிச்சேனோ!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளுக்கே ஞாபகம் வந்தது. மெல்லத் திரும்பிக் கொம்பியைப் பார்த்தாள். "உன் மூஞ்சிலதான்! பூவும் போச்சு, பாலும் போச்சு. நாளை மறுநாள் சந்தைக்கு ஓட்டிட்டுப் போறேன் பாரு!"

கொம்பி நேரே மிளகிடம் ஓடியது. சந்தைக்குப் போன ஆடு திரும்பி வந்ததை அந்தக் கரையில் எந்த ஆடும் பார்த்ததில்லை.

"மிளகு! நாளைக்கு நீயே எழுப்புடி!"

"இன்னைக்கும் பால் உண்டா அக்கா?"

"ஐயோ! பால் குடிச்சா நீ தூங்கிடுவே. நீ தூங்கினா நான் செத்தேன்!"

மிளகு மீசையைத் துடைத்துக்கொண்டது. "தடவறதை மட்டும் பார்த்தியே அக்கா, மொட்டுக் குறையற அன்னைக்கெல்லாம் விளக்குமாத்தடி வாங்கறது யாரு? அன்னைக்கும் அவ முழிச்சது என் முகத்துலதானே?"

கொம்பி அதைப் பார்க்காமல் இல்லை. பலமுறை பார்த்திருக்கிறது, பார்த்து உள்ளூரச் சிரித்தும் இருக்கிறது. இப்போது வெட்கத்தில் தலை குனிந்தது.

மறுநாள் இருட்டில் மிளகு மூக்கை நக்கியது. கூடை நிறைய மொட்டு. செம்பு நிறையப் பால். மாடத்தி மிளகை மடியில் போட்டுத் தடவியபடி ஆட்டைப் பார்த்தாள். "சரி, நீயும் கெடந்துட்டுப் போ. சந்தையெல்லாம் வேண்டாம்."

"தடவட்டும்! இன்னும் நாலு தடவை நல்லாத் தடவட்டும்!" என்று கொம்பி தழையை மென்றது. தழை இனித்தது.

அடுத்தவர் பெறும் அன்பைக் கண்டு வயிறெரிபவர், அந்த இடத்தில் விழும் அடியையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.