நரி தின்ற புகைமீன்

"எல்லாம் போச்சு பவளக்கா! ஒண்ணுகூட மிச்சமில்லாம ஊறிப் போச்சு!" என்று சாணவண்டு கட்டையன் ஆற்றங்கரையில் ஒப்பாரி வைத்தது.

நீர்நாய் பவளம் குனிந்து பார்த்தது. விடியற்காலையில் யாரும் எதிர்பாராத மழை. கட்டையன் பாடுபட்டு உருட்டிச் சேர்த்த மரத்தூள் உருண்டைகள் உப்பி, வெடித்து, கூழாகக் கிடந்தன.

இது சின்னக் கவலை இல்லை. மழைக்காலத்தில் ஆறு செந்நிறமாகப் பெருகி ஓடும். அந்தக் கலங்கல் தண்ணீரில் நீர்நாய் தலைகீழாக நின்றாலும் மீன் அகப்படாது. அதனால் பவளம் முன்கூட்டியே மீன் பிடித்து, கறையான் கைவிட்ட பெரிய புற்றுக்குள் குச்சிகளில் அடுக்கிப் புகை போட்டு வைக்கும். புற்றின் அடியில் கங்கு கிடக்கும். கட்டையன் துளை வழியாக உருண்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடும். தீ ஓங்கவும் ஓங்காது, அணையவும் அணையாது. நிதானமாகப் புகை எழும். அந்தப் புகைமீனை நம்பித்தான் பவளத்தின் நான்கு குட்டிகளும் மழைக்காலத்தைத் தாண்ட வேண்டும்.

இப்போது பிடித்த மீன் பாறை நிறையக் கிடந்தது. பொழுது சாய்வதற்குள் புகை ஏற்றாவிட்டால் நாறிவிடும். மேற்கே மேகம் வேறு கூடிக்கொண்டிருந்தது.

"அழுது என்னடா ஆகப் போவுது? தூள்தானே போச்சு, காடு போகலையே!" என்றது பவளம்.

அந்த நேரம் பார்த்து நரி மாசாணம் வந்து சேர்ந்தது. யாருக்காவது கஷ்டம் என்றால் அதன் மூக்குக்கு எப்படித்தான் தெரியுமோ! வாயில் கவ்விய கூடையைக் கீழே வைத்தது. உள்ளே பளபளவென்று மரத்தூள் உருண்டைகள்!

"பவளம்மா, மலைக்கு அந்தப் பக்கத்துச் சரக்கு! மூக்கை வெச்சுப் பாருங்க!"

கட்டையன் மோந்து பார்த்துச் சொக்கிப் போனது. "அக்கா! தாழம்பூ மாதிரி மணக்குது! வாங்கிடுவோம்!"

"என்ன கேக்குறீங்க அண்ணே?" என்றது பவளம்.

"உங்ககிட்ட அதிகமா கேப்பேனா? பிடிச்ச மீன்ல பாதி போதும்!"

பாதி மீன்! குட்டிகளின் வாயிலிருந்து பாதிச் சோற்றைப் பிடுங்குவதற்கு இந்தக் கொஞ்சல் பேச்சு ஒரு கேடு. பவளத்துக்கு உள்ளே எரிந்தது. ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. ஓர் உருண்டையை எடுத்து, புற்றிலிருந்து வெளியே இழுத்த ஒரு கங்கின்மேல் போட்டது.

குபுகுபுவென்று வெள்ளைப் புகை கிளம்பியது. கண் கரித்தது. பவளம் ஓர் ஆலிலையைப் புகைக்கு மேலே பிடித்துப் பார்த்தது. இலையில் பிசுபிசுவென்று கறுப்பு ஒட்டியது. நரியோ காற்று வரும் பக்கமாக நைசாக நகர்ந்து, மூக்கை வாலால் மூடிக்கொண்டிருந்தது.

தைலமரத்தூள்! மேலே தாழம்பூப் பொடியைத் தூவியிருக்கிறான்! பவளத்துக்கு விளங்கிவிட்டது. ஆனால் இவனோடு வாயாடினால் பொழுதுதான் போகும்.

அது கட்டையனின் காதில் சொன்னது: "மேட்டுல பட்டுப்போன கருவேலமரம் இருக்குல்ல, மரங்கொத்தி பொந்து போட்ட மரம்? அந்தப் பொந்துக்குள்ள தூள் நனைஞ்சிருக்காது. வைரம் பாஞ்ச கட்டை. உன் சொந்தக்காரங்களை எல்லாம் கூட்டிட்டுப் போய் உருட்டிட்டு வா!"

"அது மணக்கவே மணக்காதே அக்கா!"

"நாம என்ன மாலையா கட்டப் போறோம்? ஓடு!"

பிறகு நரியிடம் திரும்பியது. "பாதி மீன் தரேன் அண்ணே. ஆனா ஒண்ணு. உங்க சரக்குல புகை போட்ட முதல் மீனை நீங்கதான் தின்னணும். தின்னு முடிச்சா கையோட பாதி மீனைத் தூக்கிட்டுப் போங்க!"

நரி கணக்குப் போட்டது. ஒரு மீன்தானே! மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்கினால் ஆயிற்று. "அதுக்கென்ன! நீங்க சொன்னா மறுக்க முடியுமா!" என்று இளித்தது.

பவளம் தன் பெரிய புற்றை நரியின் சரக்கால் கெடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த சின்னப் புற்றில் கங்கு அள்ளிப் போட்டு, நரியின் உருண்டைகளைத் தள்ளி, ஒரு கொழுத்த விராலைத் தொங்கவிட்டது. புகை ஏறும்வரை நரியால் அசைய முடியவில்லை. பாதி மீன் ஆசை அதை அங்கேயே கட்டிப்போட்டது. நரியின் சரக்கைக் கேள்விப்பட்டு, அதை வாங்குவதற்காகக் காட்டுப்பூனைகளும் விலையாகத் தங்கள் வேட்டையோடு வந்து கூடிவிட்டன.

விரால் வெளியே வந்தது. பார்க்கக் கறுத்துப் பளபளவென்று மின்னியது. நரி அப்படியே விழுங்க வாயைத் திறந்தது.

"மென்னு தின்னுங்க அண்ணே! ருசி எப்படின்னு இவங்களுக்கும் தெரியணும்ல!" என்றது பவளம்.

நரி ஒரு கடி கடித்தது. தலைவலித் தைலத்தைக் கரண்டியால் ஊட்டியதுபோல் இருந்தது. கண்ணில் நீர் தாரைதாரையாக வழிந்தது.

"எப்படி?" என்றன பூனைகள்.

"அ... அருமை!"

"அப்ப இன்னொரு வாய்!" என்றது பவளம்.

இரண்டாவது வாய் தொண்டைக்குள் இறங்கவில்லை. நரி தூவென்று துப்பிவிட்டு ஆற்றுக்கு ஓடி நாக்கை மணலில் தேய்த்தது.

"பாதி மீன் வேணாமா அண்ணே?"

"எனக்கு மீனே வேணாம் தாயே!" என்று கத்திக்கொண்டே நரி ஓட்டம் பிடித்தது. பூனைகள் விழுந்து விழுந்து சிரித்தன. கூடையை ஆற்றில் உருட்டிவிட்டன.

வண்டுக் கூட்டம் கருவேல உருண்டைகளோடு வந்து சேர்ந்தது. பவளம் அவற்றிலும் ஒன்றைக் கங்கில் போட்டுப் பார்த்த பிறகுதான் தலையசைத்தது. கண் கரிக்காத மெல்லிய நீலப்புகை! பொழுது சாயுமுன் பெரிய புற்று நிறைய மீன் ஏறிவிட்டது.

இரண்டு நாளில் வெள்ளம் செந்நிறமாகப் புரண்டு வந்தது. வளைக்குள் நான்கு குட்டிகளும் வயிறு புடைக்கத் தின்றுவிட்டு, ஒன்றன்மேல் ஒன்று கிடந்து உறங்கின.

ஒரு பொருளை விற்பவன் காட்டும் பகட்டைப் பார்த்து வாங்காதே. அது செய்ய வேண்டிய வேலையைச் செய்யவைத்துப் பார்த்து வாங்கு.