தலைக்கு ஏறின கொலுசு

இல்ல செந்தில்வேலண்ணே, விட மாட்டேன். பெரிய ஆளுங்க மாட்டிக்கிறதாலதான் தங்கம் ஒசத்தி, காலுக்குப் போடறதாலதான் வெள்ளி மட்டம்னு விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துல சொன்னது நீங்க. மறுத்துப் பேசினா எனக்கு வாய்க்கொழுப்பா? இதையே ஒரு சபை மொத்தமும் நம்பி ஏமாந்த கதையக் கேளுங்க.

ரொம்பக் காலத்துக்கு முன்னால நெடுங்குன்றூர்ச் சீமைய கோமாறன்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டிருந்தான். காலையில ஒரு சட்டம், சாப்பிட்டுத் தூங்கி எந்திரிச்சா வேற சட்டம். அவனுக்கு மந்திரி ஆவுடை. ஆமா, பொம்பளதான், முழிக்காதீங்க. அந்தப் பதவி மேல கண்ணு வெச்சிருந்தவன் தாண்டவராயன். ராஜா தும்மினாக்கூட அதுல ராகம் கண்டுபிடிக்கிற ஆளு.

ஒருநாள் ராஜா, வெள்ளிய விடத் தங்கம் ஏன் இவ்ளோ வெலைன்னு கேட்டான். தாண்டவராயன் முந்திக்கிட்டான்.

"மகாராஜா தலையில இருக்கிறதாலதான். வெள்ளி பாவம், கொலுசா மெட்டியா கால்ல கெடக்கு. எடத்த மாத்துங்க, வெலை தானா மாறும்."

அவன் வீட்டு நெலவறை முழுக்க வெள்ளி வாங்கி அடுக்கியிருந்தது சபைக்குத் தெரியாது.

அப்படியெல்லாம் இல்லன்னு சொன்னா ஆவுடை. ராஜாவுக்குக் கோவம் வந்துடுச்சு. அமாவாசைக்குள்ள வெலை மாறிட்டா மந்திரி பதவி தாண்டவராயனுக்குன்னு சொல்லிட்டான். அன்னிக்கே தலையில வெள்ளிக் கிரீடம், கால்ல தங்கக் கொலுசு.

வெள்ளி வெலை கிடுகிடுன்னு ஏறுச்சு. தாண்டவராயன் ஆவுடை ஆசனத்துக்குப் புது மெத்தை தைக்க அளவெடுத்துட்டான். ஆவுடை சண்டை போடல. ராஜாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டா: ஊர்ல இருக்கிற தங்கம், வெள்ளி எல்லாத்தையும் நீங்க ஒரு தடவ கண்ணால பாக்கணும், பாத்ததும் திருப்பிக் குடுத்துடலாம். தண்டோரா போட்டாங்க.

அமாவாசைக் காலையில அரண்மனை வாசல்ல ஜனம். கொலுசு, அரைஞாண், குங்குமச் சிமிழ், கொழந்தைக்குப் பால் புகட்டுற பாலாடைன்னு வெள்ளி மலையாட்டம் குவிஞ்சுது. பக்கத்துல தங்கம்? ஆளுக்கொரு மூக்குத்தி, ஒரு தாலிப் பொட்டு. எல்லாம் சேந்து ஒரு தாம்பாளம் நெறையல. கடைசியா ரெண்டு வண்டி நெறைய வெள்ளி வந்துது. கொண்டுட்டு வந்தது தாண்டவராயன் சம்சாரம். ராஜா உத்தரவாச்சே, அந்தம்மா நெலவறையத் தொடச்சே எடுத்துட்டு வந்துட்டாங்க.

குவியலப் பாத்த வியாபாரிங்க நின்ன எடத்துலயே வெள்ளி வெலையக் கொறைச்சுட்டாங்க.

"ஊரு பூராத் தங்கமும் இவ்ளோதானா?"ன்னான் ராஜா.

"இவ்ளோதான் மகாராஜா. கெடைக்கிறது கொஞ்சம், கெடைச்சா கருக்கிறதில்ல. வெலை அதுக்குத்தான். உங்க தலைக்கு இல்ல."

ராஜா நெத்தியத் தொட்டுப் பாத்தான். வெள்ளிக் கிரீடம் வேர்வையில கருத்துப்போய், வெரலெல்லாம் மை. குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சான். கால்ல இருந்த தங்கக் கொலுசக் கழட்டி ஆவுடை கையில குடுத்தான்.

தாண்டவராயனுக்கும் வேலை குடுத்தான். வாசல்ல குவிஞ்ச அத்தன வெள்ளியையும் திருநீறு போட்டுத் தேச்சு, பளபளன்னு ஆக்கி, அவங்கவங்க கையில ஒப்படைக்கணும். "என் மெட்டி இன்னும் கருப்பாத்தான் இருக்கு, நல்லாத் தேய்யா"ன்னு பொம்பளைங்க சாயங்காலம் வரைக்கும் அவன வறுத்தெடுத்தாங்க.

இப்ப சொல்லுங்கண்ணே. என் காதுல மெதுவா வேண்டாம். நாளைக்கு அதே சாப்பாட்டுக் கூடத்துல, எல்லாரும் தட்டோட உக்காந்திருக்கும்போது எந்திரிச்சு நின்னு சொல்லுங்க: தங்கத்துக்கு வெலை குடுத்தது யாரு தலை?