எழுபத்தொரு மில்லிமீட்டர்

தணிகாசலம் சொல்லும் இந்தக் கதையை அவருடைய நண்பர் வேதமுத்து ஒன்பது வருடமாக முழுதாக நம்பியதில்லை. சொல்கிறவரே சீடராக வந்து, குட்டுப்பட்டு, திருந்தியும் விடுகிற கதை என்றால் அவருக்குக் கொஞ்சம் உறுத்தும்.

கதை இதுதான். சேலத்தில் ஒரு சிறு நிறுவனம், மழையளவையும் அணை நீர்மட்டத்தையும் ஒரே திரையில் காட்டும் நிரல் ஒன்றை எழுதியது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு செருகுநிரல், தனிக் கோப்பு. மழைக்கானது தணிகாசலம் எழுதியது. அணைக்கானது பொன்னுரங்கம் எழுதியது. கோப்புகளை ஒவ்வொன்றாக ஓட்டி முடித்துத் திரையில் காட்டும் தாய்நிரலும் தணிகாசலத்தின் கைவேலைதான்.

வெயில் மண்டையைப் பிளந்த ஒரு சித்திரை நாளில், திரை எழுபத்தொரு மில்லிமீட்டர் மழை காட்டியது. அன்று அணையில் தண்ணீர் எழுபத்தொரு அடி. பொன்னுரங்கத்தின் கோப்பு ஓடியதும் மழையளவு மாறுவதைத் தணிகாசலம் கண்ணால் பார்த்தார். அதற்கு மேல் ஆதாரம் தேவைப்படவில்லை. தன்னைக் கவிழ்க்கவே செய்கிறான் என்று முதலாளியிடம் எழுதிக் கொடுத்தார். மாலைக்குள் பொன்னுரங்கத்தை வேலையை விட்டு அனுப்பிவிடலாம், எதற்கும் லோசனி ஒரு தரம் பார்க்கட்டும் என்றார் முதலாளி.

லோசனிக்கு முப்பது வயது. நாற்பத்தெட்டு வயதில் வங்கி வேலையை விட்டு வந்த தணிகாசலம் அவளிடம்தான் நிரல் எழுதக் கற்றார்.

"பாருங்க மேடம். என்னுதை அழிச்சிட்டுத் தன்னுதை எழுதறான்."

லோசனி இரண்டு கோப்புகளையும் வாசித்தாள். இருவருமே தங்கள் விடையை 'அளவு' என்ற பெயரில் வைத்திருந்தார்கள். எல்லாக் கோப்புகளும் ஓடியது ஒரே பொது இடத்தில். முதலில் ஓடிய மழைக் கோப்பைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி ஓட்டினாள். மழை பூஜ்யம். அணையும் பூஜ்யம்.

"இப்ப அணையைக் காலி பண்ணினது யாரு சார்?"

தணிகாசலம் உட்கார்ந்து தாய்நிரலைத் திருத்தினார். இனி ஒவ்வொரு கோப்பும் தனக்கென்று திறக்கப்படும் வெற்று அறையில் ஓடும். அங்கே வைத்த பெயர் அடுத்த அறையின் கண்ணில் படாது. மழை பூஜ்யம் என்றது திரை. அணை எழுபத்தொன்று.

ஆனாலும் மனசு ஆறவில்லை. அவன் அறைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கத் தன் கோப்புக்கு மட்டும் ஒரு சின்ன ஓட்டை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"ஓட்டைக்கு இந்தப் பக்கம் மட்டுந்தான் வாய் இருக்குமா சார்?" என்றாள் லோசனி.

தணிகாசலம் எப்போதும் இங்கேதான் நிறுத்துவார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். வேதமுத்துவும் ஆட்டியிருக்கிறார்; ஏன் ஆட்டினோம் என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தும் இருக்கிறார். லோசனி அப்படிச் சொல்லியிருப்பாள், அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

போன வாரம் கேட்டுவிட்டார்.

"அண்ணே, முதலாளிகிட்ட எழுதிக் கொடுத்ததை அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள திரும்ப வாங்கினீங்களா?"