நரி கேட்ட தாலாட்டு

ஒரு காட்டில் மழை பொய்த்துப்போயிற்று. புல்லெல்லாம் கருகிவிட்டது. ஆற்றின் அக்கரையில் மட்டும் பச்சை தெரிந்தது. துள்ளி என்னும் முயல் தன் குட்டிகளை அணைத்துக்கொண்டு அதையே ஏக்கத்தோடு பார்த்து நின்றது.

அங்கே ஒரு நரி வந்தது. “துள்ளி அக்கா, ஆற்றைக் கடப்பதைக் காவல் யானை கண்டால் மிதித்தே கொன்றுவிடும். சேர்த்து வைத்த கிழங்கையெல்லாம் கொடு. நான் உங்களை ஒளித்து அக்கரையில் கொண்டுபோய் விடுகிறேன்” என்றது.

துள்ளி நம்பியது. கீரியும் முள்ளம்பன்றியும் நம்பின. நரி எல்லாரையும் ஒரு பொந்துக் கட்டைக்குள் திணித்தது. “மூச்சுக் காட்டக்கூடாது!” என்று மிரட்டி, கட்டையின் வாயைக் களிமண்ணால் அடைத்து, ஆற்றில் இழுத்துக்கொண்டு நீந்தியது.

உள்ளே ஒரே இருட்டு. காற்றே இல்லை. சின்னக் குட்டி துவண்டு விழுந்தது. துள்ளி பதறிப்போய்ப் பின்னங்கால்களால் களிமண்ணை உதைத்தது, உதைத்தது, உதைத்துக்கொண்டே இருந்தது. கட்டை ஆடுவதைக் கண்ட யானை அதைக் கரைக்கு இழுத்துப் பிளந்தது. எல்லாரும் சேற்றில் உருண்டார்கள். குட்டி கண் விழித்தது. அந்தக் குழப்பத்தில், நீருக்குள் மறைந்திருந்த நரியும் அவர்களுக்கிடையே புரண்டு படுத்துக்கொண்டது.

யானை சொன்னது: “பிறரை ஒளித்துக் கடத்துகிறவனுக்குக் கோடை முழுக்கக் குகைச் சிறை. காட்டு மன்றம் போட்ட சட்டம் இது. கடத்தப்பட்டவருக்குத் தண்டனை இல்லை. கடத்தியவன் யார்?”

“நரிதான்!” என்றார்கள்.

“ஐயோ, அபாண்டம்! நானும் உள்ளேதான் கிடந்தேன்!” என்று நரி அழுதது.

யானை குழம்பியது. துள்ளி சற்று யோசித்தது.

“உண்மைதான், அவசரப்பட்டுவிட்டோம். நரியாரே, உள்ளே நாம் நடுங்கியபோது முள்ளம்பன்றி தாலாட்டுப் பாடிற்றே, நினைவிருக்கிறதா?”

“மறப்பேனா! என்ன குரல்! என் கண்ணே கலங்கிவிட்டது!”

முள்ளம்பன்றி வாயைப் பிளந்தது. “நானா? பாடினேனா? மூச்சுவிடவே வழியில்லையே!”

“அந்தப் பாட்டில் ஒரு வரி பாடு, கேட்போம்” என்றது யானை.

நரி விழித்தது. “ஆராரோ...” என்று இழுத்தது. அதற்குமேல் வரவில்லை.

யானை காதுகள் ஆடச் சிரித்தது. நரியைத் தும்பிக்கையால் தூக்கிக் குகையில் அடைத்தது. பிறகு மற்றவர்கள் முன் மண்டியிட்டது.

“வழி கேட்டவரை நான் எதற்கு மிதிக்கப்போகிறேன்? ஏறுங்கள்!”

பட்டப்பகலில், யானை முதுகில், முயல் குட்டிகள் கூச்சலிட்டுக்கொண்டே அக்கரை போய்ச் சேர்ந்தன.

நீதி: பிறர் துன்பத்தில் பிழைக்க நினைப்பவன் தன் வாயாலேயே அகப்படுவான்.