செண்பகம் நடந்த எல்லை

அலவந்தாங்கோட்டை ராஜா ரணகேசரிக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. நாட்டை வடகோட்டம், தென்கோட்டம் என்று இரண்டாகப் பிரித்து, எல்லா நிலத்துக்கும் பட்டா கொடுத்துவிட வேண்டும்.

அந்தக் காலத்தில் எல்லை குறிக்கப் பெண் யானையை நடத்துவார்கள். அது போன வழியெல்லாம் கல்லும் கள்ளியும் நடுவார்கள். அரண்மனை யானை செண்பகமும் ஒழுங்காகத்தான் நடந்தாள், குப்பாச்சியின் வாழைத்தோட்டம் வரும்வரை. நடுத்தோட்டத்தில் புகுந்தாள். நாற்பது தார் தின்றாள். மறுபக்கமாக வெளியேறினாள். ஆட்களும் வாழைக்கு நடுவே கள்ளியை வரிசையாக நட்டுவிட்டுப் போனார்கள்.

மந்திரி மழவராயர் போட்ட சட்டம் இது: இரண்டு கோட்டத்தில் கிடக்கும் சொத்துக்குப் பட்டா கிடையாது. அது அரண்மனைக்குச் சேரும்.

குப்பாச்சி சபைக்கு ஓடிவந்தாள். "சாமி, யானைக்குப் பசிச்சா என் தோட்டம் போயிடுமா? எனக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான்!"

"செண்பகம் நடந்த வழியே எல்லை," என்றார் மழவராயர். ராஜாவும் தலையாட்டினார்.

சபை விகடர் பூதலிங்கம் எழுந்தார். "என்றைக்கு நடந்தாலுமா, மகாராஜா?"

"என்றைக்கு நடந்தாலும்! என் ஆணைக்கு நாள் கிழமை உண்டா?"

மறுநாள் சபை கூடியிருந்தது. பூதலிங்கம் தோளில் ஒரு பூவன் தாரோடு உள்ளே வந்தார். பின்னால் செண்பகம். அவள் பின்னால் கடப்பாரையும் கள்ளியுமாக ஆட்கள். சிம்மாசனத்துக்கும் கால்பலகைக்கும் நடுவே செண்பகம் நடந்தாள். ஆட்கள் அவள் போன வழியில் கள்ளியை நட்டார்கள். ராஜா அவசரமாகச் சம்மணம் போட்டுக்கொண்டார்.

"ஓய், என்ன கூத்து இது?"

"எல்லை, மகாராஜா. தாங்கள் வடகோட்டம். தங்கள் கால்பலகை தென்கோட்டம். இனி இந்த அரண்மனைக்குப் பட்டா கிடையாது."

"அப்படியானால் இது யாருக்குச் சேரும்?"

மழவராயர் ஓலையைப் புரட்டினார். "அரண்மனைக்குச் சேரும், மகாராஜா."

"எந்த அரண்மனைக்கு?"

மழவராயர் மறுபடியும் ஓலையைப் புரட்டினார்.

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றிப் பூதலிங்கத்துக்குப் போட்டார். "இரண்டு இடத்திலும் கள்ளியைப் பிடுங்குங்கள்! குப்பாச்சி, உன் தோட்டம் முழுவதும் ஒரே கோட்டத்தில் இருக்கும். இன்றே பட்டா. எந்தக் கோட்டம் வேண்டும், சொல்."

குப்பாச்சி யோசித்தாள். "யானைக்கொட்டில் எந்தக் கோட்டத்துல இருக்கு, சாமி?"

"வடக்கில்."

"அப்போ தெக்குல போடுங்க."