மருதங்குட்டை மன்றத்தின் ஏகமனதான தீர்மானம்

மருதங்குட்டையில் தண்ணீர் குடிக்க வரும் மிருகங்கள் தங்களுக்கென்று ஒரு மன்றம் வைத்திருந்தன. காட்டெருமை கொம்பையா தலைவர். மயில் சிங்காரம் செயலாளர். மன்றம் என்றால் சும்மா பேருக்கு இல்லை! குட்டைக்கு வரும் பாதையில் முள் கிடக்கக் கூடாது, கரையில் செத்த மீன் நாறக் கூடாது, கோடையில் ஊற்றுக்கண் தூர்ந்துபோகக் கூடாது, எல்லாம் அதன் பொறுப்பு.

மன்றத்துக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. தீர்மானத்தில் ஆட்சேபம் உள்ளவர் தரையைத் தட்ட வேண்டும். தட்டாதவர் எல்லாரும் சம்மதம் என்று அர்த்தம். இது முதல் வழக்கம். இரண்டாவது, யார் ஒரு குறையைக் கிளப்புகிறாரோ, அந்த வேலை அவர் தலையிலேயே விழும். முயல் ஒருநாள் வாய் சும்மா இருக்காமல், "பாதையில கிடக்கிற முள்ளை யாரு எடுப்பா?" என்று கேட்டுவிட்டது.

"நல்ல கேள்வி! அதை நீயே பாத்துக்கப்பா!" என்றார் கொம்பையா.

பாவம், அன்றிலிருந்து முயல்தான் முள் பொறுக்குகிறது. அதைப் பார்த்த பிறகு கூட்டத்தில் யாருக்கும் கேள்வியே வருவதில்லை. வருவார்கள், உட்காருவார்கள், தலையாட்டுவார்கள், எழுந்து போவார்கள்.

அந்தக் கோடையிலும் ஒரு கூட்டம் கூடியது. முதல் தீர்மானம் சாணியைப் பற்றி.

"கரையோரம் இனிமே யாரும் சாணி போடக் கூடாது!" என்று சிங்காரம் கழுத்தை நீட்டி அறிவித்தான். அவன் சொல்லி வாயை மூடவில்லை, தலைவரே பொத்தென்று போட்டார். அணில்கள் கொல்லென்று சிரித்தன.

கொம்பையா கண்ணை உருட்டினார். "என்ன சிரிப்பு? இது சட்டம் வர்றதுக்கு முன்னாடி போட்டது! கணக்குல வராது!"

தீர்மானம் நிறைவேறியது.

அடுத்து, என்ன வேலை தலையில் விழுந்தாலும் விழட்டும் என்று புள்ளிமான் வடிவு முன்னால் வந்தாள். அவள் பின்னங்காலை ஒட்டிக்கொண்டு அவளுடைய குட்டி பொட்டு நின்றது. விலா எலும்பு தெரிந்தது. கண் சொருகிக் கிடந்தது.

"தலைவரே, எனக்கு ஒரு வழி சொல்லுங்க. என் புள்ள கொஞ்ச நாளா கழிஞ்சு கழிஞ்சே துவண்டு போச்சு. குட்டைத் தண்ணி ஒரே சேறு. நாங்க வாய் வைக்கிறதுக்குள்ள மொக்கையன் உள்ள இறங்கிப் புரண்டுடறான். அந்தச் சேத்தையா பச்சப்புள்ள குடிக்கும்?"

காட்டுப்பன்றி மொக்கையனுக்கு முகம் சிவந்துவிட்டது. "வடிவக்கா! நான் என்ன பொழுது போகாமயா புரளறேன்? உடம்பெல்லாம் உண்ணி. சேறு பூசலேன்னா பிடுங்கித் தின்னுடும். எனக்கும் வேற குட்டை ஏது?"

"உன்னை வராதேன்னு சொல்லலியே! என் புள்ளைக்கு ஒரு வாய் தெளிஞ்ச தண்ணி வேணும், அவ்வளவுதான்!"

வடிவு சொன்னதிலும் நியாயம் இருந்தது, மொக்கையன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கொம்பையா அசைபோட்டார். அசைபோட்டு முடிந்ததும் முகம் மலர்ந்தது.

"இதுக்கு ஏன் சண்டை? ஆளாளுக்கு நேரம் பிரிச்சுடுவோம்! விடியக்கால தண்ணி தெளிஞ்சிருக்கும், அது மானுங்களுக்கு. வெயில் ஏறினதும் மயிலுங்க. உச்சியில மந்திங்க. அப்புறம் நானும் என் கூட்டமும். கடைசியா மொக்கையன், எவ்வளவு வேணுமோ புரண்டுக்கட்டும். இடிச்சுக்க வேண்டாம், முறைச்சுக்க வேண்டாம். எப்படி?"

"ஆகா! என்ன ஒரு ஒழுங்கு!" என்றான் சிங்காரம். தோகையில் சேறு தெறிக்காதே என்று அவனுக்கு உள்ளுக்குள் குஷி.

மருதமரத்தின் கிளையில் உட்கார்ந்து அத்திப்பழம் தின்றுகொண்டிருந்த மந்தி தாண்டவனுக்கு மட்டும் மனதில் ஏதோ இடறியது.

அதுவரை எல்லாரும் வெயில் தாழ்ந்ததும் ஒன்றாகத்தான் குட்டைக்கு வருவார்கள். வந்ததும் தாண்டவனும் அவன் கூட்டமும் மருதமரத்தில் ஏறி நாலு பக்கமும் பார்க்கும். புல்லுக்குள் சிறுத்தையின் வால் நுனி அசைந்தால் போதும், "கர்க்! கர்க்!" என்று கத்தும். மொக்கையன் மோந்து பார்த்து உறுமுவான். மயில் அகவும். மான்கள் பாய்ந்து போய்விடும். இதற்குக் காவல் என்று யாரும் பெயர் வைத்ததில்லை. மன்றத்தின் வேலைகளில் இது சேர்ந்ததும் இல்லை. கூடிக் குடித்தார்கள், அதனால் தானாக நடந்தது.

'விடியக்கால மானுங்க மட்டும் வந்தா, மேல யார் இருப்பா?' என்று தாண்டவன் நினைத்தான்.

கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தைதானே! வாயைத் திறக்கவும் செய்தான். அப்போது கீழே முயல் தெரிந்தது. உள்ளங்காலெல்லாம் முள் குத்திக் காய்ப்பு ஏறிய முயல். 'நான் கேட்டா என்ன ஆகும்? தாண்டவா, நல்ல கேள்வி, நீயே விடியக்கால எழுந்து வந்து பாத்துக்கன்னு சொல்லுவார். குளிர்ல யார் எழுந்திருக்கிறது? வேற யாராவது கேக்கட்டும்' என்று எண்ணிப் பழத்தை வாயில் போட்டுக்கொண்டான். எனக்கு அந்தத் தாண்டவன்மேல் வருகிற கோபத்துக்கு அளவே இல்லை.

"ஆட்சேபம் இருக்கிறவங்க தட்டலாம்!" என்றார் கொம்பையா.

ஒரு குளம்பு அசையவில்லை. ஒரு வால் அசையவில்லை. கூட்டம் நடந்தது திறந்தவெளியில். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அப்பால் ஈச்சம்புதருக்குள் படுத்திருந்த சிறுத்தையும் காதைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தது. அதுவும் தட்டவில்லை.

"ஏகமனதா நிறைவேறியது!" என்றான் சிங்காரம்.

மறுநாளிலிருந்தே சட்டம் அமலுக்கு வந்தது. சும்மா சொல்லக் கூடாது, எல்லாருக்கும் நிம்மதி! விடியற்காலையில் குட்டை கண்ணாடி மாதிரி கிடந்தது. பொட்டு வயிறு நிறையக் குடித்தது. வயிற்றுக் கடுப்பு நின்றது. விலாவில் சதை பிடித்தது. கொஞ்ச நாளில் துள்ளவும் ஆரம்பித்துவிட்டது. தாயை முட்டும், தும்பியைத் துரத்தும், தன் நிழலைப் பார்த்தே மிரண்டு ஓடும். வடிவு போகிற இடமெல்லாம், "நம்ம தலைவர் மாதிரி உண்டா! என் புள்ளைக்கு உசிரு குடுத்தவர்!" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்து போனாள்.

மொக்கையன் அந்திவரை ஆசைதீரப் புரண்டான். தாண்டவன் வெயில் சுடும்வரை தூங்கினான். அன்றைக்கு மனதில் இடறியது அவனுக்கு மறந்தே போனது.

ஒருநாள் விடியலில் பனி மூட்டமாக இருந்தது. மான்கள் குட்டையில் இறங்கின. வடிவு தலையைக் குனியுமுன் காதைத் திருப்பி மருதமரத்தின் பக்கம் வைத்தாள். குட்டிக் காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. மேலே சத்தம் இல்லையென்றால் பயம் இல்லை. மந்தி கத்தவில்லை என்றால் சிறுத்தை வரவில்லை. இப்படித்தான் அவள் அம்மா குடித்தாள், இப்படித்தான் அவளும் குடித்தாள்.

மரத்தில் சத்தம் இல்லை. வடிவு நிம்மதியாகத் தலையைக் குனிந்தாள். மரத்தில் மந்தியே இல்லை என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

பொட்டு இரண்டு எட்டு தள்ளி நின்று, தண்ணீரில் தெரிந்த தன் முகத்தை மூக்கால் தொட்டு விளையாடியது.

புல் சரசரத்தது. வடிவு நிமிர்ந்தபோது மான்கள் சிதறி ஓடிக்கொண்டிருந்தன. சிறுத்தை கரையேறிப் போய்க்கொண்டிருந்தது. அதன் வாயில் பொட்டு தொங்கியது.

வடிவு அலறிய அலறலில் காடே விழித்துக்கொண்டது.

எல்லாரும் ஓடிவந்தார்கள். கொம்பையா மூச்சிரைக்க வந்தார். குட்டையில் தண்ணீர் அப்போதும் தெளிவாகத்தான் இருந்தது. கரையில் சின்னக் குளம்புகளின் தடம் ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டது.

"சட்டத்துல ஒரு குறையும் இல்லியே..." என்று முனகினார் கொம்பையா. "எல்லாருக்கும் நல்லதுன்னுதானே செஞ்சோம்? ஒருத்தர்கூடத் தட்டலியே!"

தாண்டவன் மரத்துக்கு மரம் தாவி வந்து இறங்கினான். வடிவின் முன்னால் வந்து தலை குனிந்து நின்றான்.

"அக்கா, எனக்கு அன்னைக்கே தோணுச்சு. நீங்க வர்ற நேரத்துல மேல யார் இருப்பான்னு தோணுச்சு."

வடிவு அவனைப் பார்த்தாள். "தோணுச்சா?"

"தோணுச்சுக்கா."

"தோணினதை ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா, என்னையே விடியக்கால வரச் சொல்லிடுவாங்களேன்னு..."

முயல் அழுதது. "என்னைப் பாத்துத்தான் பயந்துட்டான்" என்றது.

வடிவு யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவர்களுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "நாந்தானே கேட்டு வாங்கினேன்" என்றாள். "நானே கேட்டு வாங்கினேன்... காது குடுத்துக் கேட்டேன், சத்தம் இல்லேன்னு குனிஞ்சேன்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கொம்பையாவின் கண்ணில் நீர் வழிந்தது. "தப்பு என்னோடது. கேள்வி கேட்டவன் தலையிலேயே வேலையைக் கட்டிக் கட்டி, எல்லார் வாயையும் நாந்தான் அடைச்சேன். சும்மா இருக்கிறதைச் சம்மதம்னு நினைச்சேன். இன்னையோட அந்த ரெண்டு வழக்கமும் போச்சு. ஒவ்வொருத்தரும் வாயைத் திறந்து சொல்லணும், வேலையைப் பகிர்ந்து செய்யணும். நேரம் பிரிச்ச சட்டமும் ரத்து!"

ஒவ்வொருவராக வாயைத் திறந்து "சரி" என்றார்கள். தாண்டவன் முதலில் சொன்னான். இனிமேல் சொல்லி என்ன? பொட்டு வரப்போவதில்லை.

அன்று வெயில் தாழ்ந்ததும், பழையபடி எல்லாரும் ஒன்றாகக் குட்டைக்கு வந்தார்கள். தாண்டவன் மருதமரத்தின் உச்சிக்கே ஏறிவிட்டான். பக்கத்து அத்திமரத்தின் பழம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் தொடவில்லை. மொக்கையன் மட்டும் தண்ணீரில் இறங்காமல் உண்ணிக் கடியோடு தூரத்தில் நின்று உடம்பை மரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"வா மொக்கையா, இறங்கு" என்றாள் வடிவு.

"இல்லக்கா, நீங்க குடிச்சு முடிங்க. தண்ணி கலங்கிடும்."

"கலங்கினா கலங்கட்டும். நீ பக்கத்துல இரு."

மொக்கையன் மெல்ல இறங்கினான். சேறு கிளம்பியது. வடிவு கலங்கிய அந்தத் தண்ணீரில் வாய் வைத்துக் குடித்தாள். குடித்துவிட்டுப் பழக்கத்தில் பின்னால் திரும்பி, பின்னங்காலின் பக்கம் பார்த்தாள்.

சபையில் தனக்குத் தோன்றிய கேள்வியை, வேலை நம் தலையில் விழுமே என்று விழுங்கிவிடுகிறவர் தப்பித்துக்கொள்வார். அதற்கான தண்டனையை ஒரு பாவமும் அறியாத வேறொருவர் அனுபவிப்பார்.