கடைசி ரூமுக்கு சிக்னல் போன கதை

ஒரு ஊர்ல ஒரு வீடு, ரயில் பெட்டி மாதிரி நீட்டு வீடு. முன்பக்கம் வாழைத்தார் மண்டி. மண்டிக்காரி பேரு பூமயில். வெறுங்கையோட வந்து, பேரம் பேசிப் பேசியே நிமிர்ந்தவ. கோபம் மூக்கு நுனியில நிக்கும். கேக்குறியா?

"ம்."

கடைசி ரூம்ல அவ நாத்தனார் செம்பகம், கால் முறிஞ்சு கட்டுப் போட்டுப் படுத்திருந்தா. அவளுக்குக் காது கேக்காது, வாயும் வராது. கைதான் பேச்சு. அவ மக கோகிலா மஸ்கட்ல. மறுநாள் பிரசவ ஆபரேஷன், பயந்து நடுங்குறா. அம்மாவோட வீடியோவுல பேசணும். ஆனா வைஃபை பெட்டி மண்டியில இருக்கே! கடைசி ரூம்ல படம் பொசுக்குனு நின்னுடும். கோகிலா கை பாதிப் பேச்சுல அந்தரத்துல நிக்கும். செம்பகம் அந்தக் கையவே பாத்துட்டுக் கண் கலங்குவா.

பூமயிலுக்குப் பொறுக்கல. புருஷன் செத்தப்போ சொந்தமெல்லாம் அவளத் தொரத்துச்சு. வாசல்ல குறுக்க நின்னு, கையப் புடிச்சு உள்ள இழுத்தவ இந்தச் செம்பகம்தான்.

விடுவிடுன்னு வைஃபை பெட்டி விக்கிற கடைக்குப் போனா.

"இந்த வெலையா? உள்ள தங்கமா வெச்சிருக்க?"

"மொதப் பெட்டிகிட்ட சிக்னல வாங்கி அந்தப்பக்கம் குடுக்கும்க்கா," கடைக்காரர் இன்னொரு ரவுட்டர செட் பண்ணிக் குடுத்தாரு.

களவு போயிடும்னு புதுப் பெட்டிய மொதல்ல இரும்பு பீரோவுல வெச்சு, ஒயர மட்டும் வெளிய விட்டுப் பூட்டினா. ம்ஹூம். அப்புறம் பரண்ல, பித்தளை அண்டாவுக்குப் பின்னாடி. ம்ஹூம். அப்புறம் செம்பகம் தலைமாட்டுலயே வெச்சா.

"அப்பவாச்சும் வந்துச்சா?"

வரலையே!

அப்போ தடதடன்னு லாரி வந்துச்சு. ஆளுங்க வரிசையா நின்னு கைமாத்திக் கைமாத்தித் தார் எறக்குறாங்க. அதுல சுடலைன்னு ஒருத்தன் தள்ளி நின்னான். தொப்புன்னு தார் கீழ விழுந்துச்சு!

"ஏலே சுடலை! கை எட்டாத எடத்துல நின்னு என்னத்த வாங்கி, என்னத்தலே குடுப்ப?"

கத்தின பூமயில் வாய் அப்படியே நின்னுச்சு. ஓடினா. தலைமாட்டுல இருந்த பெட்டியத் தூக்கி, நடு ஹால்ல ஸ்டூல் மேல பட்டவர்த்தனமா வெச்சா.

மினுக் மினுக்.

கடைசி ரூம்ல கோகிலா கை அசைஞ்சுது! நிக்கவே இல்ல. அம்மா கையும் மக கையும் சிட்டுக்குருவியாப் பறக்குது. அழுதுட்டிருந்த கோகிலா கடைசியில சிரிச்சுட்டா. 'பயம் போச்சும்மா'ன்னு நெஞ்சத் தொட்டுக் காமிச்சா.

செம்பகம் திரும்பிப் பூமயிலக் கையெடுத்துக் கும்பிட்டா. பூமயில் கைச்சாடையும் வாயுமாச் சேத்தே அதட்டினா.

"கைய எறக்கு மதினி! ஒனக்கு நான் கும்பிடணும். அழுதே, எனக்குக் கெட்ட கோவம் வரும்!"

அப்படிச் சொல்றவ கன்னமெல்லாம் ஈரம்.

அம்புட்டுதான் சாமி. கதையும் படுத்துருச்சு, நீயும் கண்ண மூடு.